நாலு பொட்டு வெள்ளி

காந்தம் மிதக்கிறது, மீட்டர் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. போன ஆடி மாதம் முழுக்க எனக்கு இந்தப் பஞ்சாயத்துதான்.

சேலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் செறிபொருள் இயற்பியல் ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறேன். எங்களிடம் ஒரு குழாய் உலை, பொடியை அழுத்தி வில்லையாக்கும் (பெல்லட் அடிக்கும்) ஹைட்ராலிக் பிரஸ், ஆறரை இலக்க மல்டிமீட்டர் (வயதானது, ஆனால் வாய்மையானது), ஒரு கரன்ட் சோர்ஸ், 25 லிட்டர் நைட்ரஜன் கேன் ஆகியவை இருக்கின்றன. மின்தடையை அளக்கும் நான்குமுனை அளவீட்டுக் கருவி ஒன்றும் இருந்தது. அதைக் கடைசியாக யார் ஓட்டினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. எம்.எஸ்சி. பிள்ளைகள் மீக்கடத்தியை (நன்றாகக் குளிர்ந்தால் மின்தடையே இல்லாமல் போகிற, மேலே காந்தத்தை மிதக்கவிடுகிற பொருள்) தாங்களே சுட்டு, தாங்களே அளந்து பார்க்கிற மாதிரி அதைச் சரிசெய்து கொடு என்றார் மேடம். இரண்டு வாரம் போதும் என்று சொன்னது நான்தான்.

1911இல் லைடனில் காமர்லிங் ஆன்ஸ் பாதரசத்தின் மின்தடை மறைந்துபோவதைப் பார்த்தது 4.2 கெல்வினில். அதற்குத் திரவ ஹீலியம் வேண்டும். அது எங்கள் பட்ஜெட்டில் கனவிலும் வராது. 1986இல் பெட்னோர்ஸும் முல்லரும் காப்பர் ஆக்சைடு பீங்கான்களில் மீக்கடத்தலைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு வந்து 90 கெல்வினைத் தாண்டியது. 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜன் அதற்குப் போதும். கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக் குச்சிகளைப் போட்டு வைத்திருக்கிறார்களே, அதே நைட்ரஜன். எங்களுக்குக் குட்டி யானையின் திறந்த முதுகில் வருகிறது. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயு. கண்ணாடி ஏற்றிய காரில் இந்தக் கேனோடு பயணம் போகாதீர்கள்.

பொடி தயாரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 10 கிராம் பொருளுக்கு இட்ரியம் ஆக்சைடு 1.695 கிராம், பேரியம் கார்பனேட் 5.924 கிராம், காப்பர் ஆக்சைடு 3.582 கிராம். பேரியம் கார்பனேட்டை எலி மருந்தாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு முகக்கவசமும் கையுறையும் போட வேண்டும். அகேட் கல்வத்தில் அரைத்து, உலையில் சுட்டு, ஆறவைத்து எடுத்து, மறுபடி அரைத்து, மறுபடி சுட வேண்டும். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கஞ்சமலை. அங்கே சித்தர்கள் கல்வத்தில் சாமக்கணக்கில் அரைத்துப் புடம் போட்டார்கள் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். மூன்றாவது அரைப்பில் மணிக்கட்டு கழன்று விழுகிறபோது அவர்கள் மேல் தனி மரியாதை வந்தது.

முதல் சூட்டில் வந்தது கறுப்புப் பெல்லட் அல்ல. உலைக்குள் வைக்கும் பீங்கான் படகில் ஒட்டிக்கொண்டு, ஓரமெல்லாம் பாசி பிடித்த மாதிரி பச்சைத் திட்டுகளோடு ஒரு வில்லை. பச்சை என்றால் இதே உலோகங்கள் 2-1-1 என்று வேறு விகிதத்தில் சேர்ந்த பொருள்; மின்சாரம் கடத்தாது. நமக்கு வேண்டிய கறுப்புப் பொருள் சுமார் 1010 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் உடைந்து, பாதி உருகி, இந்தப் பச்சையைக் கக்கும். ஆனால் நான் வைத்தது 950. டிஸ்பிளேயும் 950 என்றுதான் காட்டியது. அப்படியானால் டிஸ்பிளே பொய் சொல்கிறது.

எவ்வளவு பொய் என்று அறிய நம்பகமான இன்னொரு தெர்மோகப்பிள் (இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளை இணைத்துச் செய்த வெப்பமானி) கையில் இல்லை. வாங்கப் போனால் கோப்பு எழுதி, மூன்று கொட்டேஷன் வாங்கி, ஐப்பசி ஆகிவிடும். அப்போதுதான் சிவதாபுரம் மாமா நினைவுக்கு வந்தார். அம்மாவின் அண்ணன். கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளியின் உருகுநிலை 961.78 டிகிரி, 1990ஆம் ஆண்டின் சர்வதேச வெப்பநிலை அளவுகோலே அதை ஒரு நிலைப்புள்ளியாக வைத்திருக்கிறது. ஊரெல்லாம் வெள்ளி இருக்கிற சேலத்தில் உட்கார்ந்துகொண்டு தெர்மோகப்பிளுக்குக் கோப்பு எழுதுவதா?

"சுத்த வெள்ளி கொஞ்சம் வேணும் மாமா."

"என்ன கண்ணு, கல்யாணம் கூடி வந்திருச்சா?"

"லேபுக்கு மாமா. உலையில உருக்கிப் பாக்கணும்."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. 999 கட்டியிலிருந்து வெட்டித் தராசில் வைத்தார். 6.00 கிராம். நோட்டை எடுத்து என் பெயர், தேதி, எடை எழுதினார். பட்டறையில் யாருக்கு வெள்ளி கொடுத்தாலும் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள், எடை போட்டுத்தான் வாங்குவார்கள். தங்கச்சி மகளுக்கும் அதே சட்டம். பாதியைத் தடித்த கம்பியாக இழுத்துக் கொடுத்துவிட்டு ஒன்று சொன்னார்: "மூடாம உருக்குனா வெள்ளி காத்தக் குடிக்கும் கண்ணு. ஆறும்போது துப்பும். அதுக்குத்தான் நாங்க வெங்காரம், கரித்தூள் எல்லாம் போடறது."

அவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை. உருகிய வெள்ளி காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கரைத்துக்கொள்ளும்; உறையும்போது வெளியே தள்ளும். அப்படிக் குடித்த வெள்ளி பத்து டிகிரி முன்னதாகவே, சுமார் 950இல், உருகும். என் உலையில் இருப்பதும் காற்றுதான். ஆகவே நான் தேட வேண்டிய எண் 962 அல்ல, 950. இது தெரியாமல் போயிருந்தால் திருத்தத்திலேயே பத்து டிகிரி பிழை வைத்திருப்பேன்.

கம்பியை 'ப' மாதிரி வளைத்து அலுமினா வில்லை மேல் நிற்கவைத்தேன். டிஸ்பிளேயை ஐந்தைந்து டிகிரியாக ஏற்றி, ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம் காத்திருந்து எட்டிப் பார்த்தேன். 885இல் 'ப' நின்றது. 890இல் உருண்டையாகச் சுருண்டு கிடந்தது. அறுபது டிகிரி குறைத்துக் காட்டுகிறது உலை.

ஒரு நல்ல தெர்மோகப்பிள் வயதாகித் தடுமாறினாலும் அறுபது டிகிரி தடுமாறுவது எனக்கு உறுத்தியது. பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தேன். தெர்மோகப்பிள் தலையிலிருந்து, உலையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் வரை போக வேண்டியது கே டைப் காம்பன்சேட்டிங் கேபிள், அதாவது தெர்மோகப்பிளின் உலோகங்களைப் போலவே நடந்துகொள்ளும் கம்பி. அங்கே இருந்தது வீட்டு வயரிங்குக்குப் போடும் சிவப்பு, கறுப்புச் செம்புக் கம்பி. எந்தக் காலத்திலோ கேபிள் கருகி, கையில் கிடைத்ததை யாரோ முறுக்கிவிட்டிருக்கிறார்கள். தெர்மோகப்பிள் அளப்பது இரண்டு முனைகளுக்கு இடையிலான வெப்பநிலை வித்தியாசத்தை. செம்பைப் போட்டதும் குளிர்முனை கன்ட்ரோலரிலிருந்து உலைத் தலைக்கு இடம் மாறிவிட்டது. கன்ட்ரோலரோ தன் முதுகிலுள்ள 33 டிகிரியை மட்டும் கூட்டிக்கொண்டிருந்தது. உலை ஓடும்போது தலையைத் தொட்டு அளந்தேன்: 92 டிகிரி. வித்தியாசம் 59. அன்று மதியச் சாப்பாடு ருசித்தது.

நாலு மீட்டர் சரியான கேபிள், ஒரு பீங்கான் டெர்மினல். வேலை அரை மணி நேரம். வெள்ளிக் கம்பி மறுபடி விழுந்தபோது டிஸ்பிளே 949.

இரண்டாவது சூட்டில் 940இல் ஒரு நாள் முழுக்க வைத்து, ஆக்சிஜன் ஓட்டத்தில் நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று இறக்கி, 450இல் இரவு முழுக்க நிறுத்துவது திட்டம். இந்தக் கடைசிப் படியைச் சோம்பேறித்தனத்தால் விடக்கூடாது. மேலே சூட்டில் ஆக்சிஜனை இழந்திருக்கும் படிகம், இறங்கும்போதுதான் அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. வாங்காவிட்டால் பார்க்க அதே கறுப்புதான், ஆனால் கடத்தாது. எல்லாம் ஏற்பாடாகி உலை 600இல் இறங்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. பராமரிப்பு வேலை, காலை ஒன்பதிலிருந்து. தமிழில் ரெசிஸ்டன்ஸுக்கும் மின்தடைதான், பவர்கட்டுக்கும் மின்தடைதான். மின்தடை இல்லாத பொருளை மின்தடையால் இழந்தேன் என்று மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். அவர் சிரிப்புப் பொம்மைகூடப் போடவில்லை. மறுநாள் மறுபடி ஆக்சிஜனில் வைத்து இறக்கினேன். அதுவே போதுமாக இருந்தது.

பெல்லட் இந்தத் தடவை கரிக்கறுப்பு. தெர்மாக்கோல் கிண்ணத்தில் நைட்ரஜன் ஊற்றி, பெல்லட்டைப் போட்டு, கொதி அடங்கியதும் மேலே பருப்பளவு நியோடிமியம் காந்தத்தை விட்டேன். அந்தரத்தில் நின்றது. இடுக்கியால் தட்டினால் சுழன்றது. மாமாவுக்கு வீடியோ அனுப்பினேன். "தூக்குனா கூடவே வருமா?" என்று கேட்டார். முயன்று பார்த்தேன், வந்தது. காந்தப்புலம் சில இடங்களில் பொருளுக்குள் சிக்கிக்கொள்வதால் தள்ளுவதோடு இழுத்துப் பிடிக்கவும் செய்கிறது. எங்கள் வைவாவில் யாரும் கேட்காத கேள்வி.

இனிதான் தகராறு.

பெல்லட்டிலிருந்து 2 மில்லிமீட்டர் கனமும் அகலமும் உள்ள ஒரு குச்சியை நகைக்காரர்களின் சன்ன அலகு ரம்பத்தால் அறுத்தெடுத்தேன். வெளி இரண்டு முனையில் மின்னோட்டம், உள் இரண்டு முனையில் மின்னழுத்தம். நான்குமுனையின் சூட்சுமமே இதுதான்: மீட்டர் வழியாக மின்னோட்டம் ஏறக்குறைய ஓடாததால் இணைப்பின் தடை கணக்கில் வராது. பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. வராது என்பதற்கும் ஓர் அளவு உண்டு என்பதை அது சொல்வதில்லை.

குச்சியை நைட்ரஜன் கேனுக்குள் இறக்கும் தாங்குகோலுக்கு, மாடிப்படிக் கைப்பிடி போடும் கடையில் மெல்லிய 304 ஸ்டெயின்லெஸ் குழாய் வாங்கினேன். ஸ்டெயின்லெஸ் வெப்பத்தை மோசமாகக் கடத்தும் என்பதால் மேலே உள்ள சூடு கீழே இறங்காது. நுனியில் செப்புக் கட்டி. அதன் மேல் வார்னிஷில் நனைத்த சிகரெட் காகிதம். அதன் மேல் குச்சி. பக்கத்தில் 100 ஓம் பிளாட்டினம் சென்சார். சிகரெட் காகிதம் மெல்லியது, மின்சாரத்தைத் தடுக்கும், வெப்பத்தை விடும். அதற்காகப் பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரெட் கேட்டபோது கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை எந்த மீட்டராலும் அளக்க முடியாது.

சென்சாரைத் திரவத்தில் முக்கிப் பார்த்ததில் 20.2 ஓம். சரிதான். 77.36 கெல்வின் என்பது கடல்மட்டக் கொதிநிலை. சேலம் 280 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே 77.1 வாக்கில் கொதிக்கும். இதே கேனை ஏற்காட்டுக்கு, 1500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் 76க்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும்.

முனைகளை ஒட்டக் கடைச் சில்வர் பெயின்டில் நாலு பொட்டு. 10 மில்லி ஆம்பியர் விட்டு, கோலைக் கேனின் கழுத்துக்குள் மெல்ல இறக்கினேன். அறை வெப்பநிலையில் 200 மைக்ரோ வோல்ட்டுக்குப் பக்கம். 150 கெல்வின் வரை ஒழுங்காக இறங்கியது. அதன்பின் எண்கள் குதித்தன. 92 வந்தபோது விழுந்தது, ஆனால் பூஜ்யத்துக்குப் போகாமல் 4 மைக்ரோ வோல்ட்டில் உட்கார்ந்துவிட்டது. சற்று நேரத்தில், கேட்ட மின்னோட்டத்தைத் தள்ள முடியவில்லை என்று கரன்ட் சோர்ஸ் சிவப்பு விளக்கைப் போட்டது.

அந்த 4 மைக்ரோ வோல்ட்டில் ஒரு வாரம் போனது. எர்த் மாற்றினேன், வயரை முறுக்கினேன், டியூப்லைட்டை அணைத்தேன். கடைசியில், மிகத் தாமதமாக, செய்ய வேண்டியதைச் செய்தேன்: மின்னோட்டத்தையே நிறுத்தினேன். அப்போதும் 4 மைக்ரோ வோல்ட். உலையில் என்னை ஏமாற்றிய அதே ஆள்தான். மேலே அறைச்சூடு, கீழே 80 கெல்வின், நடுவில் வெவ்வேறு உலோகங்களின் சந்திப்புகள். நான் கேட்காமலேயே ஒரு தெர்மோகப்பிள் செய்து வைத்திருந்தேன். தீர்வு எளிது. மின்னோட்டத்தை ஒரு திசையில் விட்டு அளக்க வேண்டும், உடனே திசையைத் திருப்பி அளக்க வேண்டும். இரண்டின் வித்தியாசத்தில் பாதிதான் மாதிரியின் மின்னழுத்தம். வெப்ப மின்னழுத்தம் திசை மாறாது என்பதால் கழிந்துபோகும்.

சிவப்பு விளக்கு அப்படிக் கழியவில்லை. அளந்து பார்த்தால் அறையிலேயே ஒவ்வொரு பொட்டுக்கும் 60, 80 ஓம். குளிரக் குளிர ஆயிரம் ஓமைத் தாண்டி, ஒன்று உதிர்ந்தேவிட்டது. மின்னோட்ட முனையில் இவ்வளவு தடை இருந்தால் அங்கேயே சூடு பிறக்கும். சென்சார் ஒரு வெப்பநிலை சொல்லும், குச்சி வேறொன்றில் இருக்கும். சால்டர் வைக்கலாம் என்றால் பீங்கானில் ஈயம் வாழை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடுகிறது. இண்டியத்தை அழுத்திப் பார்த்தேன். முதல் நாள் பரவாயில்லை, மறுநாள் தடை இரட்டிப்பு.

இண்டியம் ஏன் கெட்டது என்று யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இந்தப் பொருளின் உயிர் ஆக்சிஜனில் இருக்கிறது. இண்டியம், செம்பு, அலுமினியம் எல்லாம் ஆக்சிஜனுக்கு அலைகிறவை. தொட்ட இடத்தில் பீங்கானிடமிருந்து உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சப்பட்ட தோல் மின்கடத்தாப் பொருளாகிவிடும். வெள்ளி அப்படிப் பறிக்காது. சூட்டில் ஆக்சிஜனைத் தன் வழியே ஊடுருவவும் விடும். மாமா சொன்ன குடிப்பதும் துப்புவதும் உருகிய வெள்ளியின் கதை. திட வெள்ளியிலும் அடக்கமாக அதே குணம் இருக்கிறது. ஆகவே வெள்ளியை வைத்து, ஆக்சிஜன் ஓட்டத்தில் 500 டிகிரியில் சுட்டால், தோல் ஆக்சிஜனைத் திரும்பப் பெறும், வெள்ளியும் கவ்விக்கொள்ளும்.

மாமாவிடம் தொலைபேசியில் சன்னக் கம்பி கேட்டேன், 38 கேஜ். பட்டறைப் பையன் கொண்டுவந்து கொடுத்தான். குச்சியில் நாலு இடத்தில் சுற்றிக் கட்டி, மேலே பெயின்ட் பொட்டு வைத்து, ஒரு மணி நேரம் சுட்டேன். கம்பி கறுத்துப்போய் வந்தது. வருடினால் கையில் கரி. பையன் கொடுத்தது கொலுசுக்கு இழுத்த கம்பி. செம்பு சேர்த்த வெள்ளி. ஆக்சிஜனில் 500 டிகிரி காட்டினால் செம்பு கறுக்காமல் என்ன செய்யும்? நேரில் போய்ச் சொன்னபோது மாமாவுக்கு என் மேல்தான் கோபம். "டச் எவ்வளவுன்னு சொல்லாம கம்பி கேட்டா அவன் என்னத்த இழுப்பான்?" டச் என்றால் வெள்ளியின் தூய்மை அளவு. நோட்டில் இருந்த என் 999இன் மீதியை எடுத்து, காய்ச்சி, இழுத்து, மறுபடி காய்ச்சி, பதினைந்து கண் தாண்டித் தலைமுடி கனத்துக்குக் கொண்டுவந்தார். 0.15 மில்லிமீட்டர். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இன்னொரு பாடமும் இடையில் கிடைத்தது. இந்தப் பீங்கானுக்கு ஈரக்காற்று ஆகாது. ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து மேல்தோலைப் பழையபடி பேரியம் கார்பனேட் ஆக்கிவிடும். ஒரு வாரம் மேசையில் கிடந்த குச்சியில் எந்த வெள்ளியும் ஒட்டாது. எனவே உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்து, தண்ணீர் படாமல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, அடுத்த சில நிமிடத்துக்குள் கம்பியைக் கட்டி, பொட்டு வைத்து, நேரே உலைக்குள். 500இல் ஒரு மணி நேரம் ஆக்சிஜன், பிறகு மெதுவாக இறக்கம்.

வெளியே எடுத்தபோது பொட்டுகள் மங்கிய வெண்மையில் இருந்தன. கம்பியை இழுத்தால் கம்பி அறுந்தது, பொட்டு வரவில்லை. இரு முனைக்கு இடையே மல்டிமீட்டர் காட்டியது ஒரு ஓமுக்கும் கீழே. அதிலும் பெரும்பங்கு மீட்டரின் சொந்த வயருடையது.

அளந்தது ஆடி கடைசி வெள்ளி, மாலை. முனைகளுக்கு நடுவே 5 மில்லிமீட்டர், 10 மில்லி ஆம்பியர், ஒவ்வொரு புள்ளியிலும் திசை திருப்பி இரண்டு அளவு. அறையில் 21 மில்லி ஓம். 100 கெல்வினில் 9. அதுவரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இறக்கம். 92க்குச் சற்று முன்பே வளைந்து, 91இல் சரிந்து, 86இல் மீட்டரின் கடைசி இலக்கம் ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே அலைய ஆரம்பித்தது. சூடேறும்போதும் அளந்தேன், இரண்டு வளைவும் ஒரு கெல்வினுக்குள் ஒத்துப்போயின. கோலை மிக மெதுவாக இறக்கி ஏற்றினால் மட்டுமே இது வரும். அவசரப்பட்டால் சென்சார் ஒரு பக்கம், மாதிரி ஒரு பக்கம்.

91இலிருந்து 86 வரை வால் நீள்வது எனக்குப் பிடிக்கவில்லை. பீங்கானுக்குள் இருக்கும் படிக மணிகளுக்கு இடையிலான எல்லைகள் பலவீனமாக இருக்கின்றன என்று நினைக்கிறேன். கரண்ட் போன அந்தக் காலைக்கும் இதில் பங்கு இருக்கலாம். அடுத்த பெல்லட்டை அதிக அழுத்தத்தில் அடித்து, 450இல் இரண்டு நாள் வைக்கப் போகிறேன். எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு இந்தக் குச்சியே போதும் என்றார் மேடம். கோலின் மேல்மூடியில் சுவிட்ச் ஒன்று வைத்து, திசை திருப்பாமல் அளவு எடுக்க முடியாதபடி செய்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உருண்டைகள், கம்பித் துண்டுகள், கறுத்த கம்பி எல்லாவற்றையும் டப்பாவில் போட்டுக்கொண்டு சிவதாபுரம் போனேன். கறுத்ததை மாமா தனியே எடுத்துப் பையன் கணக்கில் வைத்தார். மீதியைத் தராசில் கொட்டினார்.

"அஞ்சு அறுபத்தொண்ணு."

"லேப் தராசுல 5.6132 மாமா."

"அந்த முப்பத்திரண்ட நீயே வெச்சுக்க" என்றபடி நோட்டைத் திருப்பி, என் பெயருக்கு நேரே எழுதினார்: சேதாரம் 0.39.